மூன்றாம் மாடியில் ஒரு பேத்தி: கைமாறி வளரும் குழந்தைக்குச் சில ஏற்பாடுகள்

பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. இரவு முழுக்கக் காய்ச்சல். காலை ஏழு மணிக்கு மகள் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு, கிண்டிக்குப் போகும் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள். நான் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இராப்பணி முடிந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே பாதித் தூக்கத்தில் இருந்தார். ஒன்பது மணிக்கு உடம்பு சுடுகிறதே என்று நானும் ஒரு வேளை மருந்து கொடுத்தேன். பத்து மணிக்கு மகள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "காலையில் மருந்து கொடுத்தேனே, வேர்த்ததா அம்மா?" என்றாள். எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அன்று மாலை வரை அந்த மருந்தைத் தொடக் கூடாது, வாந்தியோ சோர்வோ தெரிந்தால் உடனே தூக்கி வாருங்கள் என்றார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 31 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள் நான். ஊரில் எத்தனை தாய்மார்களுக்கு மருந்து கொடுக்கும் முறையைச் சொல்லித் தந்திருப்பேன்! சொந்தப் பேத்திக்கே இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை மருந்து போயிருக்கிறது.

மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெருவுக்கே தெரியும். யார் மருந்து கொடுத்தார்கள், கஞ்சி குடித்ததா, வெளிக்குப் போனதா என்பதெல்லாம் திண்ணையிலேயே பேசித் தீர்ந்துவிடும். குரோம்பேட்டையில் மூன்றாம் மாடியில் கதவைச் சாத்தினால் உள்ளே நானும் பிள்ளையும் மட்டும்தான். அம்மா கையிலிருந்து பாட்டி, பாட்டியிடமிருந்து அப்பா, அவசரத்துக்கு எதிர்வீட்டு அக்கா என்று பிள்ளை ஒரு நாளில் மூன்று நான்கு கை மாறுகிறது. பட்டணத்தில் பிள்ளைக்கு வரும் கோளாறுகளில் பாதி, கை மாறும் அந்த நேரத்தில்தான் நுழைகிறது என்பது என் கணக்கு. அதை அடைக்க நாங்கள் செய்துவைத்த ஏற்பாடுகளைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

40 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். அதில் சணலால் ஒரு பேனாவைக் கட்டி, சமையலறைக் கதவின் ஆணியில் மாட்டினேன். பேனாவைக் கட்டாவிட்டால் மூன்றாம் நாளே நோட்டு செத்துப்போகும், அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மருந்து, சாப்பாடு, சிறுநீர், வெளிக்குப் போனது, தூக்கம் என்று ஐந்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேரம் எழுத வேண்டும். மருந்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம்: எழுதிவிட்டுத்தான் புட்டியைத் திறக்க வேண்டும். கொடுத்த பிறகு எழுதலாம் என்று நினைத்தால் அதற்குள் பால் பொங்கும், அழைப்புமணி அடிக்கும்.

மருந்துப் புட்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பாரசிட்டமால் சொட்டு மருந்து எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவிலேயே தங்கிவிட்டிருந்தது. பக்கத்தில் இப்போது கொடுக்கும் சிரப். இரண்டும் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே நிறம். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125 மில்லிகிராம். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். அது நாலு மடங்கு. பிள்ளையின் கல்லீரல் தாங்காது. வயது மாறியதும் பழைய புட்டியை எறிந்துவிடுங்கள். இருக்கும் புட்டியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவை மில்லியில் எழுதிவையுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு.

மாப்பிள்ளை முதல் வாரம் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் வாரம் அவர் கையெழுத்தில், "3.10, உச்சா, என் சட்டையில்" என்று ஒரு வரி இருந்தது. அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அந்த 19 நாள்

தனியார் வேலையில் இருக்கும் பெண்களுக்கு, 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருடம். 26 வாரம் என்றதும் ஆறு மாதம் ஆயிற்றே, தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலம் அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். மகள் பிரசவத்துக்கு முன்பே 3 வாரம் எடுத்திருந்தாள். மீதி 23 வாரம், அதாவது 161 நாள். 180 நாளுக்கு இன்னும் 19 நாள் பாக்கி. விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும்போதே இந்தக் கணக்கைக் காலண்டரில் போட்டுப் பாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. மகளின் அலுவலகத்தில் அத்தனை பேர் இல்லை.

ஆகவே பாலைப் பீய்ச்சி வைத்தோம். வேலைக்குச் சேருவதற்கு இரண்டு வாரம் முன்பே பழக வேண்டும். சேரும் நாளன்று தொடங்கினால் பாலும் வராது, பிள்ளையும் குடிக்காது, வீட்டில் இரண்டு பேர் அழுவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடி போட்ட எவர்சில்வர் சம்புடத்தில் எடுத்து, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றிலும் வைத்து, மேலே நேரத்தை எழுதி ஒட்டுவோம். வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழேயே இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு நிமிடம்கூட வெளியே வைக்க எனக்குத் துணிவில்லை. குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வைத்தோம். 24 மணி நேரத்துக்குள் கொடுத்துத் தீர்த்தோம். மின்சாரம் போனால் அந்த நேரத்தையும் காலண்டரில் குறித்துக்கொள்வேன்.

கொடுக்கும்போது பாலை அடுப்பில் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான நீர் உள்ள கிண்ணத்தில் சம்புடத்தை வைத்தால் போதும். புட்டி வேண்டாம், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் இருக்கிறதே, அந்தப் பாலாடையே போதும். எங்கள் அம்மா எனக்குப் பால் புகட்டிய பித்தளைப் பாலாடை இன்னும் ஊரில் இருக்கிறது. பேத்திக்கு எவர்சில்வரில் ஒன்று வாங்கினேன். ரப்பர் காம்பின் இடுக்கில் தங்கும் அழுக்கு பாலாடையில் தங்க இடமில்லை, ஒரு கொதியில் சுத்தமாகிவிடும். பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்து, அது உறிஞ்சுவதற்குக் காத்திருங்கள். ஊற்றாதீர்கள். மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கவும் கூடாது.

தண்ணீர்

சென்னையில் பிள்ளை வளர்ப்பதில் பாதி தண்ணீர் வேலை. எங்கள் கட்டடத்துக்கு ஆழ்குழாயில் வருவது உப்பு. புழங்கும் தண்ணீர் சில நாள் லாரியில் வந்து கீழ்த்தொட்டியில் விழுகிறது. குடிக்க 20 லிட்டர் கேன். கேன் தண்ணீர் சுத்தமானது என்று நம்பி நேராகக் கொடுக்காதீர்கள். அதையும் நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகு மேலும் ஒரு நிமிடம் விட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவைத்து, நீளக் காம்புள்ள அகப்பையால் எடுங்கள். டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொண்டால் கொதிக்கவைத்தது வீண்.

தண்ணீரைச் சேமித்துவைப்பதில் இரண்டு ஆபத்து. முதலாவது, குளியலறை வாளி. தவழும் பிள்ளைக்கும் தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைக்கும் தலைதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது, சத்தமும் வராது. வாளியில் அரை அடி தண்ணீர் போதும் உயிர் போக. எங்கள் குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், என் தோள் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் கேட்க மகள் தயங்கினாள். நானே கேட்டேன். தச்சர் அரை மணி நேரத்தில் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது, கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நம் வீட்டு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை, எங்களுக்கு ஞாயிறு காலை, சுற்றி வர வேண்டும். குளிர்பெட்டிக்குப் பின்னால் கீழே இருக்கும் தட்டு, மணி பிளாண்ட் வைத்த புட்டி, மொட்டைமாடியில் யாரோ போட்ட பழைய டயர், மேல்தொட்டி மூடி, தேங்காய்ச் சிரட்டை. டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நான் இதைக் கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. டிரம்மின் உள்விளிம்பில் மிளகுத்தூள் தூவியதுபோல் ஒட்டியிருந்ததை விரலால் காட்டினேன். மறுவாரத்திலிருந்து என்னைவிட அவர்தான் கண்டிப்பு.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். ஆகவே பிள்ளையின் பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். சுருள் கொளுத்துவதை நான் நிறுத்திவிட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் நிறுத்தினேன். அதற்கு மனம் கொஞ்சம் வலித்தது. ஊரில் ஓட்டு வீட்டுக் கூடத்தில் அந்தப் புகை எங்கோ போய்விடும். இங்கே ஒற்றைச் சன்னல் அறையில் அது பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். அந்தச் சன்னலும் வண்டிகள் ஓயாத ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைப் பார்த்தது. காலை எட்டு முதல் பத்து வரையும் மாலையிலும் சாத்தி வைத்து, மதியமும் இரவும் திறப்போம். கூட்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் தூசி பறக்காது.

வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு. முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் ஒரு பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்த தாயை நான் பார்த்திருக்கிறேன். உப்பு மிகுந்து பிள்ளையின் நிலை இன்னும் மோசமாகும். இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாக. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத நள்ளிரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். போக்கு நின்றதும் எல்லோரும் அதை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்று நோட்டு சொன்னால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சளி பிடித்தால் மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ஐத் தொட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40ஐத் தொட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், எதையும் குடிக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டால் நோட்டு எதற்கு, 108ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று டெங்குவில் ஏமாந்துவிடக் கூடாது. சூடு இறங்கும் அந்த இரண்டு நாளில்தான் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது எல்லாம் வரும்.

என்னைப் போன்ற பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்கு மை வேண்டாம், ஆறு மாதத்துக்குள் கல்லில் உரைத்துப் புகட்டும் உரை மருந்தும் வேண்டாம், தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுக்கிறேன் என்று எவரிடமும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

கைப்பேசியும் ரயிலும்

இரண்டு வயது வரை திரையே கூடாது, அதன் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் காட்டினேன். முட்டி வலியோடு மூன்று மாடி ஏறி வந்த பிறகு, அரை கிண்ணம் பருப்புச் சோற்றை இறக்க அதுதான் வழியாக இருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே பிள்ளை வாயைத் திறந்தது. பசித்ததா, வயிறு நிறைந்ததா என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பழக்கத்தை விட்ட கதை இது. சாப்பாட்டு நேரத்தை ரயிலோடு சேர்த்தேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் தெரியும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே போவோம். ஒரு ரயிலுக்கு ஒரு வாய். ரயில் வராத இடைவெளியில் பேச்சு: பெட்டி எத்தனை, யார் போகிறார்கள், அம்மா இருக்கிறாளா. முதல் ஐந்து நாள் நரகம். ஒரு நாள் கிண்ணமே கீழே போய் விழுந்தது. இரண்டு வாரத்தில் "அடுத்த ரயில்" என்று வாயைத் தானே திறந்தாள். வாய்க்கு வாய் பேசிக்கொண்டே இருந்ததால்தான் பேச்சும் வந்தது என்று நினைக்கிறேன். ஊரில் நிலாவைக் காட்டினோம், இங்கே ரயில்.

ஒன்று முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைக்கு நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது ஓடியாடும் அசைவு வேண்டும். பூங்கா இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாடிப்படி ஏறுவது, வெங்காயக் கூடையை இழுப்பது, காலை வெயிலில் மாடியில் ஓடுவது எல்லாம் கணக்கில் சேரும். மாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்தை மட்டும் முதலில் பாருங்கள். அதன் அருகே நாற்காலியோ பூந்தொட்டியோ இருந்தால் நகர்த்துங்கள்.

வாடகை வீடு என்று விட்டுவிடாதீர்கள்

ஊரிலிருந்து வந்தவர்கள் பலர் பட்டணத்து அங்கன்வாடிக்கும் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் போகவே மாட்டார்கள். அதெல்லாம் இந்தப் பகுதிக்காரர்களுக்கு என்று நினைப்பு. நான் வேலை பார்த்தவரை சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்டதில்லை. போய்ப் பெயரைக் கொடுங்கள். எடை பார்ப்பார்கள், சத்துமாவு தருவார்கள். மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அது 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், 11.5க்குக் கீழே போனால் அன்றே மருத்துவரிடம். தாய்-சேய் அட்டையை ஊர்ப் பெட்டியில் விட்டு வராதீர்கள். எங்கள் நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி போடுகிறார்கள். ஒன்பது மாதத்தில் வைட்டமின் ஏ தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரும்புச்சத்து சிரப் வாரம் இரண்டு முறை, ஒரு வயதுக்கு மேல் வருடம் இரு முறை பூச்சி மருந்து.

தனியார் காப்பகம் பார்க்கப் போனால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலை பதினொன்றரை அல்லது மதியம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டுங்கள். நான் பார்த்த ஒன்றில் சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருந்தது. உள்ளே பதினைந்து பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சத்தம் இல்லாதது எனக்குப் பயம். இரண்டு தெரு தள்ளி இன்னொன்று. சுவர் அழுக்கு. ஆனால் ஆயா ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டு, நேராகப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அடுத்ததைத் தூக்கினார். பேத்தியை அரை நாளைக்கு அங்கேதான் விடப் போகிறோம். நோட்டும் கூடப் போகும். அந்த ஆயாவிடம் கேட்டுவிட்டேன், எழுதத் தெரியும் என்றார்.

பார்த்துக்கொள்பவருக்கு உடம்பு முடியாவிட்டால்

போன ஐப்பசியில் எனக்கு இருமல். பதினைந்து நாள் தாண்டியும் நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவள், எனக்கு என்று வந்ததும் கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் திட்டிக் கூட்டிப்போனாள். காசநோய் இல்லை. ஆனால் சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. முடிவு வரும்வரை முகக்கவசம் போட்டுக்கொண்டேன், பேத்தி அதைப் பிடித்து இழுத்தபடியே இருந்தாள்.

அதிலிருந்து ஞாயிறு எனக்கு விடுமுறை. காலையில் கொசு வேலை முடிந்ததும் நோட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவேன், அல்லது பல்லாவரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசி அடிக்கும். "அத்தை, பாலாடை எங்கே?" என்று கேட்பார். நோட்டின் பின்னட்டையில் எழுதியிருக்கிறது என்பேன்.